பாலத்தைப் பார்க்க வைத்த பாடு

வாடகைக் கார் தொழிலில் சுலபமான வேலை கார் ஓட்டுவதுதான். ஏறியவர்களை எதையாவது ரசிக்க வைப்பதற்குள் உயிர் போய்விடும். வாடிக்கைக்காரர் முகம் மலர்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைத் தொலைத்த கடைக்காரர்களே, தையற்காரர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டிக் குளத்தடி ஸ்டாண்டில் நின்றவன் நான்.

முதலாளி உத்தரவு

கார் என்னுடையதல்ல, அக்குறணை சாலி முதலாளியுடையது. கொழும்பில் கப்பலை விட்டு இறங்கிக் கண்டி பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை நம்பித்தான் பிழைப்பு. அவர்களை மகாவலி ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேராதனைப் பாலத்தைக் காட்டித் திரும்ப வேண்டும். என் காரில் போனவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்குகிறார்கள் என்று ஓட்டல் வாசல்காரன் வத்தி வைத்துவிட்டான்.

முதலாளி கூப்பிட்டார். மாசக் கடைசி வரைக்கும் தவணை, அதற்குள் சரிப்படாவிட்டால் காரைத் தன் மச்சானிடம் கொடுத்துவிடுவாராம். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மருமகன் மோட்டார் ஓட்டுகிறார் என்று மாமனார் ஹந்தானைத் தோட்டம் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். அவர் முகத்தில் எப்படி முழிப்பது? முதலாளி சொன்னார்:

"தம்பி, காலிக்குப் போற ரோட்டுல ஓட்டுறவனுக்குக் கடல் ஈக்குது, அவன் வாயத் தொறக்கவே தேவல்ல. நமக்கு இந்தப் பாலம் மட்டும்தான் ஈக்குது. நீங்கதான் பேசி ரசிக்க வெக்கணும்."

ஆணி இல்லாத பாலம்

சரி, பேசுவோம் என்று கிளம்பினேன். ஆணியே அடிக்காமல் முதிரை மரத்தால் கட்டிய பாலம் என்று ஸ்டாண்டில் ஒரு கதை உண்டு. கதை உண்மைதான். அந்த மரப்பாலத்தைப் பிரித்துவிட்டு இரும்புப் பாலம் போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஓரத்துச் சட்டம் இரும்பு என்று கண்ணுக்குத் தெரிந்தது. அடியில் மரம் இருக்கும் என்று நம்பிக்கொண்டேன். தினமும் அதன்மேல் ஓட்டுகிற எனக்குக் குனிந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

முதலில் மாட்டியவர் ஒரு வயசான வெள்ளைக்காரர். பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி, சட்டத்தில் ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டு, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டினேன். "நோ நெய்ல் சார், ஒன்லி வுட்!" அவர் இறங்கி வந்து, என் முழங்கைக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்த ஆணிக் கொண்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். மனுஷன் ஹேவாஹெட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துரையாக இருந்து பென்சனில் போனவர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்தார், தோட்டத்துத் தமிழ் வந்தது:

"டிரைவர், பொய் சொல்லு, பரவாயில்ல. ஆனா ஆணி மேல சாஞ்சுக்கிட்டுச் சொல்லாத."

வாத்தியாரின் சந்தேகம்

அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்தேன். யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். பாலத்தின் நடுவில் நிறுத்தி, "பாருங்க ஐயா, பாலம்" என்று மட்டும் சொன்னேன். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர்கள் திட்டத் தொடங்கினார்கள். வாத்தியார் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கடைசியில் தன் காலடியைப் பார்த்தார்:

"தம்பி, பாலம் வடிவாத்தான் இருக்கும். ஆனால் பாலத்துக்கு மேல நிண்டுகொண்டு பாலத்தை எப்பிடிப் பாக்கிறது?"

மணலில் ஒரு பிற்பகல்

அவர் கேட்டது நியாயம்தானே? மாசக் கடைசி நாளில் ஏறிய இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகளை மணல் ஏற்றும் வண்டிப் பாதை வழியாக ஆற்றங்கரைக்கே இறக்கிக் கொண்டுபோனேன். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால், அடடா! கரைக்குக் கரை ஒரே எட்டில் தாண்டி நிற்கிறது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் நான் அந்தப் பாலத்தைப் பார்த்தேன். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே ஓட்டியதில் கார் ஈரமணலில் இறங்கியது. பின்சில்லு இரண்டும் முழுசாகப் புதைந்துவிட்டன.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிழவிகள் பாறையில் உட்கார்ந்தார்கள். வேறு வேலை இல்லாததால் பாலத்தையே பார்த்தார்கள். ஒருத்தி படம்கூட வரைந்தாள். கடைசியில், பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த யானையைப் பாகன் ஓட்டி வந்து, சங்கிலி போட்டுக் காரை இழுத்துவிட்டான்.

மட்காட் நசுங்கி, கழுத்துவரை சேற்றோடு ஓட்டலுக்குத் திரும்பினால், வாசலில் முதலாளி. பக்கத்தில் மச்சான். நானாகவே சாவியை நீட்டினேன். அதற்குள் கிழவிகள் இறங்கி, முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வராந்தாவில் இருந்தவர்களிடம் பாலத்தையும் யானையையும் கையை ஆட்டி ஆட்டி வர்ணிக்கத் தொடங்கினார்கள். வராந்தாவே எழுந்து வந்து, நாளைக்கு இந்தக் கார்தான் வேண்டும் என்றது. முதலாளி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய், சாவியை என் சட்டைப் பையில் போட்டார்:

"தம்பி, நாளைக்கும் அதே எடத்துல பொதைச்சிருங்க. யானைக்காரனோட நான் பேசிக்கிறன்."

ஒரு பாலத்தை மனுஷன் மனசாரப் பார்க்க வேண்டுமானால் அவனுக்கு அங்கிருந்து போக வழியே இருக்கக் கூடாது என்பதுதான், இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்து நான் கண்ட ஞானம்.