முதல் தண்ணீர்

கோயிலில் பூசை நேரத்தில் சாமியார் கிண்ணம் துடைக்கிற வெள்ளைத் துணிகளைத் துவைத்துக் கொடுப்பது என் வேலை. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்திலிருந்தே செய்துவருகிறேன். வேதப்புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பாடக் குரலும் கிடையாது. ஆண்டவருக்கு என் கையால் செய்கிறது இதுதான்.

பூசையில் கிண்ணத்துத் திராட்சை ரசம் ஆண்டவருடைய இரத்தமாகிறது; அந்தத் துணியில் அது ஒரு சொட்டாவது ஊறியிருக்கும். அதனால் அலசுகிற முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். தோட்டத்தில் வீட்டுக் கதவைத் திறந்தாலே மண். இப்போது ஈப்போவில் மகனோடு அடுக்குமாடியில், மேலே இருக்கிறேன். அலசிய தண்ணீர் பேசினோடு லிப்டில் இறங்கி, கீழ்வீட்டுக்காரி வளர்க்கிற செம்பருத்தி ஓரத்தில் ஊற்றிவிட்டு வருவேன். அவள் முருகனைக் கும்பிடுகிறவள்.

"என்னக்கா, உங்க சாமிக்கும் அபிஷேகமா?" என்பாள்.

"உன் செடி குடுத்து வச்சதுலா. பாரு எப்படிப் பூக்குதுன்னு."

போன மாதம் லிப்ட் கெட்டுப்போனது. படியில் இறங்கிப் பார்த்தேன். பாதியில் முழங்கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பேசினை மட்டும் சாய்க்கவில்லை. மகன் வேலை முடிந்து வந்துதான் தண்ணீரைக் கீழே ஊற்றினான். அந்த வாரம் துணி கோயிலுக்குத் தாமதமாகப் போனது.

கோயிலில் பீடத்தைக் கவனிக்கிற பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"ஆண்ட்டி, இனிமே டோபிக்கடை மெஷின்ல போட்டுரலாம்லா. நீங்க உக்காந்து ஜெபம் பண்ணுங்க, போதும்."

"டோபில முதல் தண்ணி எங்க போவும்?"

"உங்களால முடியலன்னு ஆண்டவருக்குத் தெரியும் ஆண்ட்டி."

"முடியலன்னு நான் அவர்கிட்ட சொல்லலியே."

சனிக்கிழமை வந்து முடிவு கேட்பதாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

இவ்வளவு காலம் என் கையில் இருந்ததை மெஷினுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. நான் மண்ணுக்குப் போக முடியாவிட்டால் மண் என்னிடம் வரட்டும் என்று முடிவு செய்தேன். மகனைக் கீழே அனுப்பினேன். கீழ்வீட்டுக்காரி செம்பருத்தி அடியிலிருந்தே மண் வெட்டிப் பெரிய தொட்டியை நிரப்பிக் கொடுத்து, ஒரு கிளையும் ஒடித்து நட்டு அனுப்பினாள். "பழகின தண்ணி, நிறுத்த வேணாம்னு சொல்லு" என்றாளாம்.

மகன் தொட்டியைத் தோளில் வைத்து ஏறி வந்தான். "மத்தவன் மாடிக்கு கேஸ் தூக்குறான். நான் மண்ணு தூக்குறேன்மா."

"நல்ல காரியத்துக்குத்தான் தூக்குற. பால்கனியில வை."

சனிக்கிழமை பீடத்துப் பெண் வந்தாள். கையில் அழுக்குத் துணிப் பை. நேரே டோபிக்குப் போகிற எண்ணம் போல. நான் அதை வாங்கி, அவள் பார்க்கவே துணிகளை அலசி, முதல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். மண் மெதுவாக உறிஞ்சிக்கொண்டது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடுத்த சனிக்கிழமையும் நானே மேல கொண்டு வாரேன், ஆண்ட்டி."

"கொண்டு வா" என்று சொல்லிவிட்டு, துணிக்குக் கஞ்சி போட அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.