நிச்சயம் இருக்காது

எண்பதுகளின் தொடக்கத்தில், பீடோங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து இயற்பியல் படிக்கப் பல்கலைக்கழகம் போனவள் நான். எத்தனையோ தேற்றங்களைப் படித்தேன். முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைச் சுற்றுவதைவிட மூன்றாவது பக்கமாகப் போவதுதான் கிட்டத்து வழி என்பது எங்கள் எஸ்டேட் ஆடுகளுக்கே தெரியும். பஸ் நிற்கும் இடத்துக்கு அவை போட்ட குறுக்குப் பாதையில்தான் நாங்களும் நடந்தோம். ஆனால் எங்கள் லயத்து வீடுகளையே ஆட்டிவைத்தது ஒரே ஒரு தேற்றம்தான்.

ஒரு விடுமுறையில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். லூனாஸ் ஊர்க்காரர், தொழிற்சாலையில் டெக்னீஷியன். அப்பாவின் அக்கா, என் அத்தை, கொண்டுவந்த சம்பந்தம். அடுத்த மாதம் நிச்சயம், கையோடு கல்யாணம். எனக்கோ இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. "டிகிரிய வச்சு சாம்பாரா வைக்கப் போறா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாராம். அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் தொல்லை. ஏதாவது சொல்லப்போய்ச் சம்பந்தமே முறிந்துவிடுமோ என்று பயம்.

ஒரு நாள் காலை புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அத்தை முறுக்கைக் கடித்தபடி வந்தார். "அப்படி என்னதான் படிக்கிறே பாப்பா?"

பாடம் மலாய் மொழியில் இருந்தது. அணுவுக்குள் ஓடும் துகளைப் பற்றிய நிச்சயமின்மைத் தேற்றம். அத்தைக்குப் புரியட்டுமே என்று தமிழ்ப்படுத்திச் சொன்னேன். "அது எந்த இடத்துல இருக்குன்னு ரொம்பச் சரியா தெரிஞ்சிட்டா, எவ்வளவு வேகமா போகுதுன்னு சரியா தெரியாது அத்தை. ரெண்டுல ஒண்ணுக்கு நிச்சயம் இருக்காது."

"நிச்சயம் இருக்காதா?"

"இருக்கவே இருக்காது. யார் நெனச்சாலும் முடியாது. நிரூபிச்சே காட்டிட்டாங்க."

அத்தை முறுக்கைக் கீழே வைத்தார். அவர் முறுக்கைப் பாதியில் வைத்து நான் பார்த்ததே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் நிச்சயம் என்றால் ஒன்றுதான்: தாம்பாளம், வெற்றிலை பாக்கு, மோதிரம்.

மத்தியானத்துக்குள் செய்தி குழாயடிக்கு வந்துவிட்டது. நிறையப் பேரைக் கேட்டால் சராசரியில் உண்மை தெரிந்துவிடும் என்று புள்ளியியலில் ஒரு தேற்றம் உண்டு. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் எல்லோரும் அத்தையைக் கேட்டுத்தான் சொன்னார்கள். அதனால் கேட்கக் கேட்கப் பொய்தான் கெட்டிப்பட்டது. சாயங்காலம் பார்த்தால், நான் கூடப் படிக்கும் எவனோடோ ரொம்ப வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். அவன் எந்த இடத்துக்காரன் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அத்தை அதற்குள் பஸ் ஏறி லூனாஸுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பா நாற்காலியைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார். அம்மா தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கலக்கிக் கொடுத்தார், பதற்றத்தில் சீனி போடவில்லை.

"நிச்சயம் இருக்காதுன்னு சொன்னீங்களாமே?" என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார்.

"ஐயோ, அது துகளுக்குங்க!" என்று ஆரம்பித்து, ஒரு கோலிக்குண்டை மேசையில் உருட்டி உருட்டி முழுப் பாடத்தையும் நடத்தி முடித்தேன். சீனியில்லாத தே ஓவை முகம் சுளிக்காமல் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, துகள விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "படிப்ப முடிக்கணும். ஒரு வருஷம்தான்."

அப்பா இருமினார். அவரோ அப்பாவைப் பார்த்து, "ஒரு வருஷந்தானே லா மாமா. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார்.

பேசினார். படிப்பு முடிந்த பிறகுதான் நிச்சயம் நடந்தது. தாம்பாளத்தைத் தூக்குவதற்கு முன் அத்தை என் காதருகே வந்து, "இப்ப நிச்சயம் இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டார்.

நான் ஆசிரியையாகி, லூனாஸ் வீட்டில் மாலை நேரங்களில் டியூஷனும் எடுத்தேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், மாணவி ஒருத்திக்கு இதே தேற்றம் மண்டையில் ஏறவில்லை. நான் தே ஓ கலக்க உள்ளே போன நேரத்தில் என் வீட்டுக்காரர் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார், ஒரு பிழையில்லாமல். அவள் போன பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பள்ளிக்கூடத்துல, ஃபாரம் சிக்ஸ்ல வாத்தியார் சொன்னதுதான் லா."

"அப்ப அன்னைக்கே தெரியுமா?"

"உங்க அத்தை வந்து, இடமாம், வேகமாம், நிச்சயம் இருக்காதாம்னு அழுதப்பவே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா அவ்வளவு தூரம் வந்தீங்க?"

"நாள் குறிச்சாங்க, மண்டபம் பேசினாங்க. உன்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலையே. வந்து கேக்க எனக்கு ஒரு சாக்கு வேணாமா?"

அவர் தே ஓவை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த முறை சீனி போட மறந்தவள் நான்.