முகத்தில் ஏறிய குங்குமச் சிவப்பு

என் மேசை இழுப்பறையில் ஒரு நினைவஞ்சலி அட்டை கிடக்கிறது. அதில் இருப்பவரின் முகம் தக்காளிப் பழமாகச் சிவந்திருக்கும். மைன்ஸில், நிலக்கரிச் சுரங்கத்தில், வேலை பார்த்தவர். உயிரோடு இருந்தவரை நல்ல கறுப்பு. அவரை அப்படிச் சிவக்க வைத்த புண்ணியவதி நான்தான்.

அப்போது டவுன்ஷிப் கடைவீதியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வடிவமைப்பு வேலையில் இருந்தேன். சின்னச் சின்ன வேலைகளைத் தனித்தனியாக ஓட்டினால் அச்சுத் தகடான பிளேட்டும் தாளும் வீண் என்று இரண்டு மூன்றை ஒரே தாளில் சேர்த்துவிடுவோம். அன்று நான் மகா கெட்டிக்காரியாக, ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு நேர் கீழே அந்த அஞ்சலி அட்டையை வைத்தேன். ஆஃப்செட்டில் மை, தாளின் மேலிருந்து கீழ்வரை பட்டை பட்டையாக இறங்கும். பத்திரிகைக்குக் குங்கும நிறம் எடுப்பாக வேண்டுமென்று மெஷின் ஓட்டும் அண்ணன் சிவப்பைக் கூட்ட, அதே பட்டையில் கீழே இருந்த மனிதரின் முகத்திலும் அது ஏறிவிட்டது. பத்திரிகை நன்றாக வந்த சந்தோஷத்தில் யாரும் கீழே பார்க்கவில்லை.

மறுநாள் காலை மாதா கோவிலில் அவருக்கு முப்பதாம் நாள் பூசை. அட்டை வாங்க வந்த அவர் மனைவி, ஒன்றை எடுத்துப் பார்த்தார். “எங்க வூட்டுக்காரரு கரியில நின்னுகினு கருகருன்னு இருப்பாருங்க. இது யாருங்க?” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. பூசைக்கு வருகிறவர்கள் கையில் யாரோ ஒருவர் முகத்தையா கொடுப்பார்?

“பிளேட்டு இன்னும் மெஷின்லதாங்க கீது. ஒக்காருங்க” என்று அவரிடம் சொன்ன அண்ணன், என் பக்கம் திரும்பினார். “கண்ணாலத்தயும் துக்கத்தயும் ஒரே தாள்ல ஏத்திட்டியேம்மா, நல்லா வருவ போ!” சிவப்பைத் திருகிக் குறைத்து மறுபடி ஓட்டினார். ஒரு கத்தைத் தாள் வீணான பிறகுதான் நிறம் நிலைத்தது. மேல்பாதியில் கல்யாணப் பத்திரிகை வெளிறிக்கொண்டே போக, கீழே மைன்ஸ்காரர் மெல்லத் தன் நிறத்துக்குத் திரும்பினார். “இப்பதாங்க இவரு” என்று அந்த அம்மா கன்னத்தைத் தொடப் போனார். “மை காயட்டுங்க” என்று அண்ணன் தடுத்தார்.

இப்போது என் சொந்தக் கடையில் டிஜிட்டல் கலர் மெஷின் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் இன்றும் ஆஃப்செட்டுக்குத்தான் அனுப்புகிறேன், இதில் கட்டுப்படியாகாது. ஆனால் நாற்பது அட்டை என்றால் இதில் நாற்பது தாளே போதும். பிளேட் கிடையாது, பக்கத்து வீட்டுக் கல்யாணம் கிடையாது. தப்பு இருந்தால் முதல் தாளிலேயே பல்லைக் காட்டிவிடும்.

போன வாரம் அந்த அம்மாவின் மகள் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்தாள். இந்த முறை அம்மாவுக்கு முப்பதாம் நாள். முதல் தாளை எடுத்து நீட்டினேன். “எங்கம்மா இத்தினி செவப்பு இல்லக்கா” என்றாள். மறுபடியும் அதே சிவப்பு! திரையில் சிவப்பைக் குறைத்து இன்னொரு தாள் எடுத்தேன். “ஆங், இவங்கதான்” என்று சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பாடா! அவளுக்கு வாங்கிய டீ ஆறுவதற்குள் நாற்பதும் முடிந்தது. வீணானது ஒரே ஒரு தாள்.

அதை எறிய மனம் வரவில்லை. அளவாக வெட்டி, இழுப்பறையில் அந்த மைன்ஸ்காரர் பக்கத்தில் வைத்தேன். இரண்டு பேரும் செக்கச்செவேலென்று, கல்யாண ஜோடி மாதிரி இருக்கிறார்கள்.