தன் எடையில் சாயும் மூட்டு

ரிமோட் தம்பி கையில் இருந்தாலும், ஹெலிகாப்டரைப் பறக்கவைப்பது தன் விரல்கள்தான் என்பது அக்காவின் நினைப்பு. அதில் பொய்யும் இல்லை. தையல் கம்பெனியில் மெஷின் பழுது பார்ப்பவள் அவள். எங்கே உரசுகிறது என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடுவாள். தம்பி போட்டிக்கென்று வாங்கும் குட்டி ஹெலிகாப்டர்களுக்கெல்லாம் மூட்டு பொருத்துவது அவள் வேலை. இறக்கையைச் சாய்க்கும் கம்பியின் நுனியில் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும்; அது ஓர் உலோகக் குண்டின்மேல் சொடுக்கென்று உட்காரும். இறுகினால் மோட்டார் திணறும், தளர்ந்தால் ஹெலிகாப்டர் உதறும். கம்பியைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே சாய வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

எல்லாம் தம்பிக்குக் கல்யாணம் ஆகும்வரைதான். வந்தவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். மயிரிழை உரசலையும் தேய்த்தெடுத்துப் பழகிய கை. அவள் கை வெண்ணெய் என்று தம்பி ஒருமுறை வாய்விட்டுச் சொன்னான். அன்று அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. புது ஹெலிகாப்டரின் மூட்டுகளை இருவரும் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பங்கிட்டுக்கொண்டார்கள். தம்பி மனைவி போட்ட கம்பி வழுக்கிக்கொண்டு சாய்ந்தது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் அக்கா அதைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தாள். மருந்துக்கும் குறை அகப்படவில்லை. வயிறு எரிந்தது. தன்னுடையது இதைவிட வேகமாக விழட்டும் என்று துளை தேய்க்கும் கருவியைத் தன் கிண்ணத்துக்குள் விட்டு, வேண்டாத ஒரு சுற்றுச் சுற்றினாள். கம்பி வேகமாகத்தான் விழுந்தது. கூடவே லொடலொடவென்று ஆடியது. சுரண்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்டவா முடியும்?

தம்பி வந்து ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். அந்த மூட்டில் விரல் நின்றது. யார் போட்டது என்று கேட்டான்.

அக்கா வாய் திறப்பதற்குள், "நான்தாங்க. கை தவறிடுச்சு," என்றாள் மனைவி.

போனால் போகிறது என்று அவன் சிரித்துவிட்டான். தான் செய்தது என்று தெரிந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியது. வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது.

"அதைக் கெடுத்தது நான்டா," என்றாள். பிறகு தம்பி மனைவி பக்கம் திரும்பி, "ஏம்மா, என் தப்பையும் நீயே எடுத்துக்கணுமா?"

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கெட்டதற்கு மாற்றாக மிச்சமிருந்த ஒரே கிண்ணத்தை எடுத்தான்.

"இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை வேடிக்கைதான் பாக்கணும். நீ போடுறியாக்கா, இல்ல அவ போடட்டுமா?"

அக்கா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். கருவியை அரைக்கால் சுற்றுத் திருப்பினாள், தூசியை ஊதினாள், மாட்டினாள், கழற்றினாள். கை இன்னும் கொஞ்சம் கேட்டது, கொடுக்கவில்லை. கம்பி மெல்லச் சாய்ந்தது. ஆடவில்லை.

தம்பி மனைவி தொட்டுப் பார்த்து, "என்னோடதைவிட நல்லா உக்காந்திருக்கு அண்ணி," என்றாள்.

அக்கா நம்பவில்லை. இரண்டையும் ஆற அமர ஒப்பிட்டுப் பார்த்தாள். சொன்னது நிஜம்தான். வாய் நிறைய இப்படிப் பாராட்ட இவளால் எப்படி முடிகிறது என்று, அதற்கும் தனியாக ஒரு முறை வயிறு எரிந்தது.