டாப்பெட் மூடியில் ஒட்டிய ரப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய காரை விலை பேச ஒருவர் வந்தார். பத்து காஜா என்ற ஊரில் லாரி ஓட்டுபவர். மணியம் என்று பெயர். முப்பது வயதுக்குள் இருக்கும். வந்தவர் பெயின்டைப் பார்க்கவில்லை, சீட்டைத் தட்டிப் பார்க்கவில்லை. நேரே பானெட்டைத் திறக்கச் சொன்னார். விஷயம் தெரிந்த ஆள்!

திறந்தேன். இன்ஜின் தலைமேல் இருக்கும் டாப்பெட் மூடியின் ஓரத்தில் ஒரு கறுப்புத் தீற்றல். அதை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இது கெட்டா மாதிரி இருக்குலா... இன்ஜின்ல ரப்பரு எப்படி வந்துச்சி?"

எட்டு வருஷமாக அந்த மூடியை நானே எத்தனையோ முறை கழுவியிருக்கிறேன். அந்தக் கறை மட்டும் போகவேயில்லை. அது எப்படி வந்தது என்று இதுவரை யாருக்கும் சொன்னதுமில்லை. நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் மாமியார் முதல் மருத்துவர் வரை எல்லாரையும் பற்றி எழுதிவிட்டேன்... இதை மட்டும் எழுதவில்லை. ஏன்? வெட்கம்தான்!

அப்போது நாங்கள் ஈப்போவில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அந்தச் சந்தில் ஞாயிறு காலை எட்டு மணியானால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பானெட் திறந்திருக்கும். பனியன், அரைக்கால் சட்டை, தோளில் ஓர் அழுக்குத் துணி — அதுதான் சீருடை. ஒருவர் பிளக் கழுவுவார், ஒருவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார், நாலு பேர் சும்மா நின்று ஆலோசனை சொல்வார்கள். பட்டறைப் போமன், அதாவது மெக்கானிக், கையில் காரைக் கொடுப்பது எங்கள் சந்தில் தோல்வியை ஒப்புக்கொள்வது மாதிரி.

காசு மிச்சம் என்று வீட்டில் சொல்வோம். அதெல்லாம் சும்மா. வாரம் ஆறு நாள் ஆபீசில் நான் எழுதும் கடிதத்தைத் தலைமை குமாஸ்தா சிவப்பு மையில் திருத்துவார். ஏழாம் நாள் பானெட்டுக்கு அடியில் தலையை விட்டால் என்னைத் திருத்த ஆளில்லை. அந்த இரண்டு மணி நேரம் நான்தான் மேனேஜர். புரிகிறதல்லவா?

எனக்கு அடுத்த வீட்டுக்காரர் சிவபாதம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பொதுப்பணித் துறையில் வரைபடம் வரையும் வேலை. என் வயதுதான், ஆனாலும் சந்தில் எல்லாரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் கார் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமே! கீழே பேப்பர் விரித்து, கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைப்பார். நான் எல்லாவற்றையும் ஒரு மில்க்மெய்ட் டின்னில் போட்டுக் குலுக்கிவிட்டு, பிறகு தேடுவேன்.

அந்த வாரம்தான் என் மனைவி சரோஜாவுக்குக் கடிதம் வந்தது. ஏழு வருஷம் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள். பள்ளிக்குப் பள்ளி மாறி, ஒவ்வொரு டிசம்பரிலும் "அடுத்த வருஷம் இருக்கா இல்லையா" என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவள். கடைசியில் நிரந்தர வேலை. பாகான் செராயில் பள்ளி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். கடிதத்தில் அந்த வரியை அவள் எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினாள்.

"பஸ்ல போயிடவாங்க?" என்றாள்.

"கார் எதுக்கு இருக்கு? நான் கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? நீண்ட பயணமாயிற்றே என்று ஞாயிறு காலை முழு சர்வீஸில் இறங்கினேன். பிளக் கழுவினேன், எண்ணெய் மாற்றினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டாப்பெட்டையும் சரிபார்க்கலாமே என்று மூடியைக் கழற்றினேன். மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே எண்ணெய் கசியாமலிருக்க கார்க்கில் ஒரு மெல்லிய பட்டை இருக்கும் — கேஸ்கெட். பழசு. தொட்டதும் ஐந்தாறு துண்டாக உடைந்தது. துண்டுகளைச் சாக்கடையோரம் வீசினேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் மூடிக் கிடந்தன. கவலைப்பட்டேனா? இல்லை! வீட்டில் ஒரு ரப்பர் ஷீட் இருந்தது. செமோர் பக்க ரப்பர் தோட்டத்தில், ஷீட்டைப் புகையில் காயவைக்கும் கூடத்தில் வேலை செய்யும் என் அண்ணன் கொடுத்தது. சரோஜாவின் தையல் மெஷின் ஆடுகிறதே, காலுக்கு அடியில் வைக்கலாம் என்று வாங்கி வந்தோம். அதை எடுத்து, மூடியை மேலே வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கத்தரியால் வெட்ட ஆரம்பித்தேன். என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமை.

சார் வேலி ஓரமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"முனியாண்டி, உது சரிவராது. ரப்பர் எண்ணெய் பட்டா ஊதிப்போகும். சூட்டுக்கும் நிக்காது. கார்க்தான் போடவேணும். என்னட்ட இருக்கு, தாறன்."

சாதாரணப் பேச்சு. அன்போடு சொன்னதுதான். ஆனால் என் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? 'ரப்பர் ஆகாது' என்று அவர் சொன்னதை, 'தோட்டத்து ஆளான நீ எதற்கும் ஆகமாட்டாய்' என்று சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன்.

"சார், ரப்பரைப் பத்தி எனக்கா சொல்லித் தரீங்க? பால் மரத்துக்கு அடியில பொறந்து வளந்தவன் சார் நான்! எங்கப்பா ஆத்தா வெட்டுன பாலு இது!"

குரல் சந்து முழுக்கக் கேட்டது. பக்கத்து வாசலில் ஸ்பேனர் சத்தம் நின்றது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, உங்கட விருப்பம்" என்று உள்ளே போய்விட்டார்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து நான் தோட்டத்திலிருந்து வந்தவன் என்று யாரிடமும் வாயைத் திறந்து சொன்னதில்லை. கேட்டால் "ஈப்போதான்" என்பேன். அவ்வளவு நாள் ஒளித்து வைத்ததை, ஒரு கேஸ்கெட் விவகாரத்தில் சர்ட்டிபிகேட் மாதிரி எடுத்து நீட்டினேன்.

திங்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். சரோஜா புதுச் சேலை. மடியில் ஒரு கைப்பை, அதற்குள் அவளுடைய ஏழு வருஷம். செமோரைத் தாண்டி இரண்டு மூன்று மைல் போயிருப்போம்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க, ஷீட்டு காயற வாசம் வருது?"

"பக்கத்துல ஏதாவது தோட்டம் இருக்கும்."

"இங்க ஏதுங்க தோட்டம்? ரெண்டு பக்கமும் ஈயம் தோண்டின குட்டைதான இருக்கு."

அந்த வாசனை எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். அடுத்த வளைவில் பானெட் இடுக்கிலிருந்து புகை கிளம்பியது. ஓரமாக நிறுத்தித் திறந்தேன். மூடியைச் சுற்றி நான் வெட்டிய ரப்பர் உப்பி, கொழகொழத்து, நாக்கு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வழியே எண்ணெய் வடிந்து சூடான புகைக்குழாய்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

மணி ஆறரை. அந்த நேரத்தில் பஸ்ஸுக்குக் காத்து, கோலகங்சாரில் ஒன்று, தைப்பிங்கில் ஒன்று என்று மாறி... பத்து மணிக்குப் போய்ச் சேர முடியாது. எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது. "போல்ட்டு டைட் பத்தல... அதான்... ரப்பர்ல குறை இல்ல..."

சரோஜா இறங்கி வந்தாள். புகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்தாள். சான்றிதழ்களுக்கு நடுவிலிருந்து மடித்த பழுப்புத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

பிரித்தேன். உள்ளே கார்க் கேஸ்கெட். அச்சு அசலாக என் காருக்கு வெட்டியது!

"இது எங்கேர்ந்து?"

"நேத்து சாயங்காலம் சார் வீட்டு அக்காகிட்ட போயி கேட்டேன். சார் உடனே வெட்டிக் குடுத்தாரு."

"நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா போட்டிருப்பீங்களா?"

அவள் கணக்கு சரி. ஊரைக் கூட்டிக் கத்தியவனிடம் சொல்லிப் பயனில்லை, புகை வந்தால்தான் கேட்பான் என்று என் மனைவி முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறாள். தன் வேலையே கையை விட்டுப் போகலாம் என்ற நிலையிலும் என் மானத்துக்கு ஓர் இரவு அவகாசம் கொடுத்திருக்கிறாள்.

அந்தப் பழுப்புத் தாளில் பென்சில் கோடுகள் இருந்தன. நான் சாக்கடையோரம் வீசிய உடைந்த துண்டுகளை சார் பொறுக்கி எடுத்து, தாளில் ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, சுற்றிக் கோடு போட்டு, அந்த அளவில் புது கார்க்கை வெட்டியிருக்கிறார். மூலையில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'நடுவிலிருந்து மாறி மாறி முடுக்கவும். மிகவும் இறுக்க வேண்டாம்.' நான் கத்தி அவரை அவமானப்படுத்திய அதே நாளில், அந்த மனிதர் என் குப்பையைக் குனிந்து பொறுக்கியிருக்கிறார்.

இன்ஜின் சூடு தணியக் காத்திருந்தேன். மூடியைக் கழற்றி, ஒட்டிய ரப்பரைக் கத்தியாலும் நகத்தாலும் சுரண்டினேன். முழுதாகப் போகவில்லை. கார்க்கை வைத்து, சொன்னபடி நடுவிலிருந்து மாறி மாறி முடுக்கி, காரின் பின்பெட்டியிலிருந்த மிச்ச எண்ணெயை ஊற்றினேன். சரோஜா சேலையில் கறை படாமல் எட்ட நின்று, வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பத்தடிக்கக் கால் மணி இருக்கும்போது பாகான் செராய் பள்ளி வாசலில் நிறுத்தினேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் அழுதாள். நானும்தான்.

சாருக்கு நன்றி சொன்னேனா என்று கேட்பீர்கள். உடனே சொல்லவில்லை! இரண்டு ஞாயிறு, உடம்பு சரியில்லை என்று பானெட்டே திறக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு சார் தானே வேலி ஓரம் வந்தார்.

"முனியாண்டி, அந்த ரப்பர் ஷீட்டில மிச்சம் இருக்கோ? மழைக்குக் காரிலை தண்ணி வருது. கால் வைக்கிற இடத்தில போடலாமெண்டு பாக்கிறன்."

"வேணாம் சார். வெயில்ல கார் நின்னா இளகிடும். செருப்பெல்லாம் ஒட்டிக்கும். அது சூடு தாங்காது சார்" என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை.

சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்குத் தெரியுந்தானே!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆலையில் பதப்படுத்தாத பச்சை ரப்பர் சூட்டில் இளகும் என்பது தோட்டத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த ஞாயிறும் தெரிந்துதான் இருந்தது. கத்தரி கையிலிருந்த போது உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவர் 'சரிவராது' என்று சொன்ன பிறகு நான் எப்படி நிறுத்துவது?

"மன்னிச்சிக்குங்க சார்" என்றேன். அவர் "கார்க் கசியுதோ?" என்று கேட்டார். "இல்ல சார்." "அப்ப சரி" என்றார். அத்துடன் முடிந்தது. அந்த கார்க் இன்றைக்கும் கசியவில்லை.

நம்மில் பலருடைய தவறுகள் தெரியாமல் செய்தவையா, தெரிந்தே செய்தவையா? எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம். தெரிந்ததை அடுத்தவர் முதலில் சொல்லிவிட்டாரே என்பதற்காக மறுப்பதை... எந்தப் பட்டறையில் கொண்டுபோய்க் காட்டுவது?

மணியத்தை மறந்துவிடாதீர்கள். பதிலுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தார். நான் தயங்குவதைப் பார்த்து அவரே கைகொடுத்தார்.

"முன்ன வச்சிருந்தவன் எவனோ வேலை தெரியாம வச்சிட்டான் போலண்ணே!"

தலையாட்டியிருந்தால் போதும். கார் போயிருக்கும், கதையும் போயிருக்கும். வீட்டுக்குள்ளிருந்து சரோஜா கேட்டுக்கொண்டிருப்பது வேறு தெரிந்தது.

"இல்ல தம்பி. நல்லா தெரிஞ்சவன்தான் வச்சான். நான்தான்" என்றேன்.

மணியம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காரை முதலிலிருந்து ஒவ்வொரு போல்ட்டாகச் சோதிக்க ஆரம்பித்தார் — நியாயம்தானே!