தபாலதிபருக்கு ஐந்து வீதம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறரை மணிக்குச் சறோஜினிதேவி வீட்டுப் படலையைத் தட்டக்கூடாது என்பது கரம்பொன்னில் அந்த ஒழுங்கைக்கே தெரியும். அந்த நேரத்தில் அவர் கணினிக்கு முன்னால் இருப்பார். எதற்காக இருப்பார் என்பதுதான் தெரியாது. நோர்வேயில் இருக்கும் மகள் தாய்க்கு இணையத்தில் திருமுறை வகுப்பு ஒழுங்குபண்ணிக் கொடுத்திருக்கிறாள் என்று அயலவர்கள் தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். சறோஜினிதேவி அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை.

"வகுப்பு எப்பிடிப் போகுது அக்கா?" என்று யாராவது கேட்டால், "போன கிழமை விட்டிட்டன். இந்தக் கிழமை எப்பிடியும் பிடிச்சிடுவன்" என்பார்.

அவர் பிடிக்கப் பார்த்தது மொறோக்கோவை.

அறுபத்திரண்டு வயது. ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தபாற்கந்தோர்களில் முப்பத்தொரு வருடம் வேலை. அதில் கடைசிப் பதினொரு வருடம் தபாலதிபர். ஓய்வுபெற்ற அடுத்த வருடம் மகள் பிரியவதனி விடுமுறையில் வந்து, தன் பழைய மடிக்கணினியை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அதற்குள் 'ஏழு முடி' என்றொரு விளையாட்டு இருந்தது. ஆயிரத்தைந்நூறாம் ஆண்டளவில் ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு முந்நூறு வருடம் ஆளவேண்டும். வரி, படை, கப்பல், கலியாணம், சண்டை எல்லாம் உண்டு. கந்தோர் நடத்திய மனுசிக்கு அது தண்ணீர்பட்ட பாடாக வந்துவிட்டது.

அவர் எடுத்தது போர்த்துக்கலை.

"நாப்பது வருசம் எங்களை ஆண்டவை. ஒருக்கா நானும் அவையை ஆண்டு பாக்கிறன்" என்று கணவர் பாலசிங்கத்திடம் சொன்னார். குருநாகலில் இருபது வருடம் கடை வைத்திருந்து, இப்போது வெங்காயத் தோட்டத்தோடும் இரண்டு ஆடுகளோடும் இருக்கிற பாலசிங்கம், "ஆளும், ஆளும். தேத்தண்ணி குடிச்சிட்டு ஆளும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் இணையத்தில் கதைத்துக்கொண்டே ஒரே உலகத்துக்குள் விளையாடுவார்கள். பிரியவதனிக்கு டென்மார்க். பாலசிங்கத்தின் தங்கை மகன் சசிகரன் ரொறொன்ரோவிலிருந்து ஒல்லாந்தை நடத்துவான். எப்போதும் வெல்லுகிறவன் அவன்தான். வெல்லுவதைவிட, வெல்லும்போது அவன் சொல்லுகிற ஆறுதல்தான் சறோஜினிதேவிக்குத் தாங்க ஏலாதது. "மாமி, நீங்கள் யோசியாதேங்கோ. உங்கட பக்கத்தை நான் பாக்கிறன்" என்று சொல்லிச் சொல்லியே பிரேசிலில் பாதியைப் பார்த்துவிட்டான்.

விளையாட்டில் ஒவ்வோர் அரசருக்கும் மூன்று ஆலோசகர்களை வைத்துக்கொள்ள இடமுண்டு. ஆலோசகர்களில் இருபத்துச் சொச்ச வகை. வரி அதிகாரியை வைத்தால் திறைசேரி நிரம்பும். படைப் பயிற்சியாளனை வைத்தால் சிப்பாய்கள் ஓடமாட்டார்கள். உலகத்தில் விளையாடுகிற எல்லோரும் இந்த இருவரையும் இன்னொரு வர்த்தகப் புள்ளியையும் வைத்துக்கொண்டு, மிச்சப் பேரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மிச்சப் பேர் பட்டியலில் இருந்து கிழண்டு செத்துப்போவார்கள்.

ஒரு ஞாயிறு அப்படியொரு சாவு அறிவித்தல் திரையில் வந்தது. துவார்த்தே என்கிற தபாலதிபர், வயது எழுபத்தொன்று, நியமனம் கிடைக்காமலே காலமானார்.

சறோஜினிதேவி சண்டையை விட்டுவிட்டு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் ஒரு தபாலதிபர். தன்னுடைய ராச்சியத்தில் ஒரு தபாலதிபர் எழுபத்தொரு வயது மட்டும் காத்திருந்து செத்திருக்கிறார். அந்த மனிதனால் அரசுக்கு என்ன பிரயோசனம் என்று அழுத்திப் பார்த்தார். 'தூதர் பயண நேரம் ஐந்து வீதம் குறையும்.' இருபது நாளில் போகிற தூதன் பத்தொன்பது நாளில் போவான். அவ்வளவுதான். சம்பளம் மட்டும் வரி அதிகாரிக்குச் சமன்.

"அஞ்சு வீதமாம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பாலசிங்கம் குசினியிலிருந்து அகப்பையோடு வந்துவிட்டார்.

மறுநாள் அந்த விளையாட்டைச் செய்த கொம்பனிக்குக் கடிதம் எழுதினார். விடயத் தலைப்பு, ஏழு பந்தி, ஒவ்வொரு பந்திக்கும் இலக்கம். தபாலதிபர், கப்பல் உணவு அதிகாரி, வானியலாளர் உட்பட ஏழு பதவிகளின் அனுகூலங்கள் அவர்களின் சேவைக்கு எவ்விதத்திலும் பொருத்தமற்றவை என்பதைத் தாழ்மையுடன் சுட்டிக்காட்டினார். கடிதம் கிடைத்ததாகவும் தங்கள் கருத்து மிகவும் பெறுமதியானது என்றும் ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. அந்த வேகத்திலேயே சறோஜினிதேவிக்கு விளங்கிவிட்டது, யாரும் வாசிக்கவில்லை என்று.

மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "அம்மா, அதுக்கேன் கடிதம்? அந்த இலக்கமெல்லாம் சும்மா ஒரு கோப்பிலைதான் கிடக்கு. திறந்து மாத்தலாம். ஒராளின்ர பேருக்குக் கீழை இருக்கிற சக்தியைத் தூக்கி இன்னொராளுக்குப் போடவும் ஏலும். ஆனா நாங்கள் மூண்டு பேரும் ஒரே கோப்பைத்தான் வைச்சிருக்க வேணும்."

இப்படிச் சொல்லிக்கொடுத்ததற்காகப் பிரியவதனி பிறகு தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

முதலில் சறோஜினிதேவி ஐந்தை அழித்து ஐம்பது போட்டார். தனியே விளையாடிப் பார்த்தார். தூதன் விழுந்தடித்துப் போனான்; போய் ஒன்றும் நடக்கவில்லை. கெதியாகப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே 'இல்லை' என்றுதான் சொன்னார்கள். தொண்ணூறு போட்டார். 'இல்லை' இன்னும் கெதியாக வந்தது.

இரண்டு நாள் யோசித்தார். தபாலதிபராக இருந்தபோது தனக்கு என்ன பலம் இருந்தது? வேகமா? ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குக் கடிதம் எந்த வேகத்தில் போனது என்பது அவருக்குத் தெரியும். தன் பலம் வேறு. எந்த வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து, எந்தக் கையெழுத்தில், எத்தனை நாளுக்கு ஒருக்கா வருகிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு கடிதத்தையும் அவர் பிரித்ததில்லை. உறையின் வெளிப்பக்கமே போதுமாயிருந்தது.

கோப்பைத் துழாவினார். விளையாட்டின் கடைசி நூறு வருடத்தில் மட்டும் கட்டக்கூடிய ஒற்றர் மாளிகைக்கு ஒரு சக்தி இருந்தது: மற்ற நாடுகளுக்கிடையில் தூதர் போனால் எங்கிருந்து எங்கே என்று தெரியவரும், என்ன செய்தி என்பது தெரியாது. அந்தச் சக்தியைத் தூக்கித் தபாலதிபரின் பெயருக்குக் கீழே போட்டார். மனதுக்குள் ஏதோ குறுகுறுத்தது. அதைக் கவனியாமல் விட்டார்.

கப்பல் உணவு அதிகாரியைப்பற்றிக் கேட்கக் காரைநகர்த் துறையில் படகோட்டும் அம்புறோஸிடம் போனார். ஐம்பது வருடம் கடலில் நின்ற மனிதர்.

"அம்புறோஸ், ஒரு பெரிய கப்பலிலை சாப்பாட்டுக்குப் பொறுப்பான ஆளாலை என்ன லாபம் எண்டு சொல்லும்."

"எந்தக் கப்பல் அக்கா?"

"சண்டைக் கப்பல்."

அம்புறோஸ் அவரை ஒருமாதிரிப் பார்த்தார். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொன்னார். "வயித்துக்கு இருந்தால் கரையைப் பாக்காமல் நிப்பான். இல்லாட்டி எதிரியைவிடக் கரையைத்தான் தேடுவான். இஞ்சை ஆரோட அக்கா சண்டை?"

"மருமோனோட" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வழமையில் கப்பற்படை மூன்று மாதத்துக்கு மேல் துறைமுகம் இல்லாமல் நின்றால் பட்டினியில் கப்பல்கள் ஒவ்வொன்றாக அழியும். உணவு அதிகாரி இருந்தால் ஏழு மாதம் நிற்கலாம் என்று மாற்றினார்.

பிறகு அவர் செய்ததுதான் கந்தோர் வேலை. மாற்றங்கள் எல்லாவற்றையும் நாலு பக்கச் சுற்றறிக்கையாக எழுதினார். பதினெட்டுப் பந்தி. முதல் பத்தும் வானியலாளரையும் கோயிற் கட்டடக்காரரையும் பற்றியவை. வாசித்தால் நித்திரை வரும். பதினொராம் பந்தி உணவு அதிகாரி. பதினாலாம் பந்தி தபாலதிபர். கோப்போடு சேர்த்து இருவருக்கும் அனுப்பி, 'வாசித்தமையை உறுதிப்படுத்தவும்' என்று கீழே போட்டார். சசிகரன் ஒரு பெருவிரல் படம் அனுப்பினான். பிரியவதனி ஒரு இருதயப் படம் அனுப்பினாள். இரண்டையும் சறோஜினிதேவி கையொப்பமாக ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு போர்த்துக்கல் தன் வரி அதிகாரியையும் வர்த்தகப் புள்ளியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தபாலதிபரையும் உணவு அதிகாரியையும் நியமித்தது.

"மாமி, தபாலதிபரையோ வைச்சிருக்கிறியள்?" சசிகரன் காதுக்குள் சிரித்தான். "அவனை வைச்சு முத்திரை ஒட்டப் போறியளோ?"

"எனக்குத் தெரிஞ்ச உத்தியோகம் அதுதானே, மோனை."

"சரி சரி, யோசியாதேங்கோ. உங்கட பக்கத்தை நான் பாக்கிறன்."

மூன்றாம் கிழமை திரையில் சின்னச் சின்ன அறிவித்தல்கள் விழத் தொடங்கின. ஒல்லாந்திலிருந்து டென்மார்க்குக்குத் தூதர். டென்மார்க்கிலிருந்து ஒல்லாந்துக்குத் தூதர். விளையாட்டுக் கணக்கில் ஒரே வருடத்தில் ஒன்பது தரம். இரண்டு வீட்டுக்கிடையில் இப்படி உறை போய்வந்தால் ஒன்றில் கலியாணம், இல்லாவிட்டால் வழக்கு. ஒல்லாந்திலும் டென்மார்க்கிலும் கலியாண வயதில் ஒருவரும் இல்லை. வழக்குப் போடுவதென்றால், மிச்சமிருக்கிற ஆள் யார்?

"பெத்த பிள்ளை" என்றார் சறோஜினிதேவி, கொஞ்சம் பெருமையாகவே.

புதன்கிழமை மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"என்ன சமையல் பிள்ளை?"

"மீன்தானம்மா."

"சசியோட கதைக்கிறனியே?"

"இல்லையம்மா. கனநாளாச்சு."

"பாவம், தனியக் கிடக்கிறான். ஒருக்கா எடுத்துக் கதை" என்று சொல்லி வைத்துவிட்டு, கதிரையில் இருந்தபடி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

விடயத்தைக் கேட்ட பாலசிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. "தாயும் பிள்ளையும் சண்டை பிடிக்கிறது சரியில்லை. தெரியும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போடுமன்."

"நான் எங்கை பிடிக்கிறன்? வாறது அவை. நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது."

பாலசிங்கத்துக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் கிழமை மகள் எடுத்தபோதெல்லாம் ஆட்டுக்குக் குழை வெட்டப் போவதாகச் சொல்லி வைத்துவிட்டார். ஆடுகள் இரண்டும் நன்றாகக் கொழுத்தன.

ஐந்தாம் கிழமை ஒல்லாந்தும் டென்மார்க்கும் சேர்ந்து போர்ப் பிரகடனம் செய்தன. குறி, போர்த்துக்கலின் கையிலிருந்த யாழ்ப்பாணம்.

"குறை நினையாதேங்கோ மாமி. வரலாறு அப்பிடித்தான். ஊரை ஒல்லாந்தர்தானே உங்களிட்டையிருந்து பிடிச்சவை" என்றான் சசிகரன்.

அறுபத்துமூன்று கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தன. அந்த வரலாறு சறோஜினிதேவிக்கும் தெரியும்; வழியில் ஒதுங்கக்கூடிய துறைமுகங்களையெல்லாம் அவர் முன்கூட்டியே அந்தந்த அரசர்களோடு ஒப்பந்தம் பேசி மூடுவித்திருந்தார். தீவுக் கடலுக்கு வந்து சேர்ந்தபோது எதிரில் ஒரு கப்பல்கூட இல்லை.

"மாமி, எங்கை உங்கட கப்பலெல்லாம்?"

"அதைத்தான் நானும் தேடுறன், மோனை."

அவருடைய கப்பல்கள் தெற்கே ஆழ்கடலில் வயிறார நின்றன. ஒரு மாதம் போனது. இரண்டு போனது. மூன்றும் போனது. கோட்டையும் விழவில்லை. பட்டினியில் ஒல்லாந்துக் கப்பல்கள் ஐந்து, பிறகு ஒன்பது என்று மறைந்தன. "அம்மா ஏன் ஒண்டும் செய்யேல்லை?" என்று பிரியவதனி சந்தேகப்பட்டாள். இருபத்தேழு கப்பல் மிஞ்சியபோது சறோஜினிதேவி மேலே வந்தார். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. தன் பங்குக்குப் பிரேசிலையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"இது கள்ள விளையாட்டு!" சசிகரனின் குரல் கீச்சிட்டது. "ஐஞ்சு மாசம் எப்பிடிக் கடல்லை நிண்டனீங்கள்? நாங்கள் வாறதே உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பந்தி பதினொண்டு. பந்தி பதினாலு. வாசிச்சதெண்டு நீதானே பெருவிரல் வைச்சனீ?"

இரண்டு கண்டத்தில் இரண்டு பேர் ஒரே கடதாசியைத் தேடித் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் சிரித்தவள் பிரியவதனி.

"அப்ப என்ர கடிதத்தையும் பாத்தனீங்களோ அம்மா?"

"கடிதம் ஆர் பாத்தது? உறையைத்தான் பாத்தனான்."

சசிகரன் இரண்டு கிழமை முகம் கொடுக்கவில்லை. பிறகு எடுத்தான். கோபம் ஆறியிருந்தது, வாதம் ஆறவில்லை. "மாமி, உணவு அதிகாரி சரி. ஒத்துக்கொள்ளுறன். தபாலதிபர் கூடிப்போச்சு. அஞ்சு வீதம் அநியாயமெண்டால் இதுவும் அநியாயம்."

அன்று குறுகுறுத்தது இதுதான் என்று சறோஜினிதேவிக்குத் தெரியும். ஆனாலும் உடனே விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். கணினியே எல்லா நாட்டையும் நடத்தும்படி விட்டு, எல்லா அரசரிடமும் ஒரு தபாலதிபரை நியமித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் எல்லோருடைய உறையும் தெரிந்தது. எவனும் எவனோடும் இரகசியமாகச் சேர முடியவில்லை. தொண்ணூறு வருடம் உலகத்தில் ஒரு சண்டையும் இல்லை. பாலசிங்கம் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "நல்ல காலம் எண்டால் இதுதான்" என்றார். சறோஜினிதேவி கொட்டாவி விட்டார். இப்படியொரு விளையாட்டை யார் விளையாடுவான்?

கோப்பைத் திறந்து திருத்தினார். எல்லை முட்டுகிற நாட்டாரின் உறைகள் மட்டுமே தெரியும். அதுவும் ஒரு மாதம் பிந்தித்தான் தெரியும். காரணம் என்ற இடத்தில் 'தபால் என்றால் அப்படித்தான்' என்று எழுதினார். இந்தத் தரம் சுற்றறிக்கை ஒரே பக்கம். சசிகரன் அதை இரண்டு தரம் வாசித்து, ஒரு எழுத்துப் பிழையும் கண்டுபிடித்து அனுப்பினான். பிரியவதனி அந்தக் கோப்பை இணையத்தில் பொதுவில் போட்டாள். முகம் தெரியாத முந்நூறு பேரளவில் எடுத்து விளையாடினார்கள். அதில் போலந்துக்காரன் ஒருவன், வானியலாளர் இன்னும் பலவீனமாக இருக்கிறார் என்று எழுதியிருந்தான். சறோஜினிதேவி ஒரு கிழமை வானியலாளரோடு மினக்கெட்டார்.

அடுத்த ஆட்டம் தொடங்கியபோது நாலாவது ஆளாகப் பாலசிங்கமும் வந்து குந்தினார். தொண்ணூறு வருடச் சமாதானத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஒரு ஆசை. கடைக்காரனுக்கு ஏற்ற நாடு என்று வெனிசை எடுத்தார்.

"முதல் ஒரு படைப் பயிற்சியாளனை வையுங்கோ" என்றார் சறோஜினிதேவி.

"ஏன்? நான் ஆரோடையும் சண்டைக்குப் போகேல்லையே."

"நீங்கள் போக வேண்டாம். அவை வருவினம்."

பாலசிங்கம் கேட்கவில்லை. கோயில் கட்டுகிறவர், ஓவியர், வானியலாளர் என்று மூவரை நியமித்து, ஒவ்வொருவர் பெயரையும் சத்தமாக வாசித்து வரவேற்றார். நாற்பது நிமிடத்தில் வெனிசை மருமகன் எடுத்துக்கொண்டான்.

"குறை நினையாதேங்கோ மாமா" என்றான் சசிகரன்.

"இல்லையடா தம்பி. வானியலாளரை மட்டும் கவனமாப் பாத்துக்கொள். நல்ல மனுசன்" என்றார் பாலசிங்கம். சொல்லிவிட்டு, ஆடு கட்டப் போனார்.