யாக்கோபுதான் முன்னால் போனான்

குவைத்தில் வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் சண்டே ஸ்கூலும் அன்றைக்குத்தான் நடக்கும். அதில் எங்கள் யாருக்கும் ஒரு வியப்பும் கிடையாது. மங்காஃபில் குடியிருந்தபோது, எனக்கு ஒன்பது வயதில், அங்கே கதை சொல்லும் போட்டி வைத்தார்கள். எனக்கு விழுந்தது யாக்கோபு. அண்ணன் ஏசாவுக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்டு ஓடிப்போய், பல வருடம் கழித்து அவன் முகத்தில் விழிக்கப் பயந்து பயந்து திரும்பி வருகிறவன். எஸ்தர் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஒரே எரிச்சல். எஸ்தர் ராணி, கிரீடம் வைப்பார்கள்.

அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். ஏமாற்றுகிற இடம் வந்தால் மட்டும், "அது போதும், ஆத்தங்கரைக்கு வா" என்பார். ஆற்றங்கரையில் யாக்கோபு விடிய விடியத் தேவதூதனோடு மல்லுக்கட்டியதை நாலு தடவை சொல்லவைப்பார். பிறகு கீழே போய்க் காருக்குள் தனியாக உட்கார்ந்துகொள்வார். ஜன்னலிலிருந்து பார்த்தால், பக்கத்து சீட்டில் யாரோ இருப்பதுபோல் கையை நீட்டி நீட்டி வாதாடுவது தெரியும்.

"அப்பா யார்கூட சண்டை போடுறாங்க?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஜெபம் பண்ணுதாவ," என்றாள் அம்மா. பிறகு என்ன நினைத்தாளோ, விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அப்பா குவைத்துக்கு வந்த விசா பெரியப்பாவுக்குப் பேசிவைத்தது. அவரோ மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போய்ப் பத்து நாளாகியும் கரை திரும்பவில்லை. ஏஜென்ட்டோ அன்றைக்கே பாஸ்போர்ட் வேண்டும் என்று நின்றிருக்கிறார். அண்ணனுக்கு வெளிநாடு போக இஷ்டமில்லை என்று சொல்லி, அப்பா தன் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெரியப்பா இப்போது இருபது நிமிட தூரத்தில், ஃபஹாஹீலில், ஒரு மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறாராம். வந்து மூன்று வருடமாகிறது. எங்கள் வீட்டுப் படி மிதித்ததில்லை. அப்பா கொடுத்தனுப்பிய குளிர் ஜாக்கெட்டும் அல்வாவும் பிரிக்காமலே திரும்பி வந்திருக்கின்றன. இதையெல்லாம் என்னிடம் மறைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை, அப்பா எங்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனார். பெரியப்பா படகில் உட்கார்ந்து வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். அப்பா காரை விட்டு நாலடி எடுத்துவைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார். ஜாக்கெட்டும் அல்வாவும் இருந்த பையை என் கையில் கொடுத்தார்.

"மக்ளே, நீ முன்னால போ. பிள்ளையப் பாத்தா ஏச மாட்டாவ."

மனப்பாடமான கதையைத் தப்பாகச் செய்தால் விடுவேனா? "நோ அப்பா. பிள்ளைங்க பின்னாலதான் வருவாங்க. யாக்கோபுதான் முன்னால போனான். ஏழு தடவை குனிஞ்சு கும்பிட்டான்."

அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. அம்மா என்னை அதட்டவில்லை. "அவ சரியாத்தான் சொல்லுதா. போங்க," என்றாள்.

அப்பா பையை வாங்கிக்கொண்டு நடந்தார். ஏழு தடவையெல்லாம் கும்பிடவில்லை. படகுக்கு நேரே ஒரே தடவை முட்டிபோட்டார். "உனக்கு இஷ்டமில்லன்னு பொய் சொன்னது நான்தாண்ணே," என்றார். மீன்கூடை சுமந்து போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

பெரியப்பா வலையைக் கீழே போட்டுவிட்டுக் கரைக்குத் தாவினார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவர் அப்பாவின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, அப்படியே நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"போறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா, லே."

இருவரும் விசும்பி விசும்பி அழுதார்கள். ஏசாவோடு நானூறு பேர் வந்தார்கள்; பெரியப்பாவுக்குப் பின்னால் ஒரு பூனை மட்டும் நின்றது. அதையும் குறித்துக்கொண்டேன்.

படகில் உட்கார்ந்து அல்வாவைப் பிரித்தோம். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "பெரியப்பா, நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் பஹ்ரைனுக்குத்தானே மீன் பிடிக்கப் போறாங்க? நீங்க மட்டும் ஏன் இங்க வந்தீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தபடியே சொன்னார்:

"மீனு எல்லாக் கடல்லயும் கெடக்கு மக்ளே."

இது ஒரு பதிலா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்குப் போய் அப்பா ஏன் மறுபடியும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார் என்பதும் விளங்கவில்லை.